கம்பளம் ஒரு பக்கம் சாய்ந்த கதை

அந்தக் காலத்தில், ஆடும் ஆளும் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்த நாளில், செம்மறியின் ரோமம் செம்மறிக்கே சொந்தம். காலையில் கேட்டால் கழற்றிக் கொடுக்கும். மனிதர்கள் அதில் போர்வை நெய்து போர்த்திக்கொள்வார்கள். பொழுது சாய்ந்ததும் செம்மறி "மே" என்று ஒரு குரல் கொடுக்கும். ரோமமெல்லாம் இழை இழையாக உருவிக்கொண்டு அதன் முதுகுக்கே போய்விடும். குளிர் தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் போகும்.

மலையடிவாரத்தில் பொம்மி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஈரத்தரையில் இன்னும் ஓர் இரவு கிடந்தால் பிள்ளை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று காலை வாங்கிய ரோமத்தை அவள் வழக்கம்போல் நெய்யவில்லை. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே பருத்தி நூல்களை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினாள். ரோமத்தைத் திரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு நூல்களில் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஒரு நூல் ஓட்டி, மரச்சீப்பால் குத்தி இறுக்கினாள்.

செம்மறி எட்டிப் பார்த்தது. "என்ன பொம்மி, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தை நெரிக்கிறாய்?"

"பிள்ளை படுக்கத்தான் அக்கா. இன்றைக்கு ஒரு நாள் கூப்பிடாமல் இரேன்."

"கூப்பிடாமல் நான் குளிரில் சாகவா? நீ எப்படிக் கட்டினாலும் வரும். என் ரோமத்துக்கு என் குரல் தெரியும்."

"அப்படியென்றால் கட்டிப் பார்க்கிறேன்."

"கட்டு, கட்டு. உன் விரல்தான் வலிக்கும்," என்று சொல்லிவிட்டு அது மேயப் போனது.

பொழுது சாயும்போது பிள்ளையின் நீளத்துக்கு ஒரு கம்பளம் ஆகியிருந்தது. பொம்மி அதை அறுத்தெடுத்துத் தரையில் விரித்து, பிள்ளையைக் கிடத்தினாள்.

செம்மறி வாசலில் நின்று கூப்பிட்டது. பிள்ளைக்குக் கீழே ரோமம் சிலிர்த்து எழுந்து, வாசல் பக்கமாக இழுத்தது. முடிச்சு விடவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. ரோமம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். பிள்ளை ஒருமுறை இருமிவிட்டு, மூச்சு சீராகித் தூங்கிப்போனது.

"அவிழ்த்துவிடு," என்றது செம்மறி.

"மாட்டேன் அக்கா. நீ உள்ளே வந்து அடுப்போரம் படு. உனக்கு வேறு முளைக்கும்."

"முளைத்துப் பார்த்தவள் மாதிரி பேசாதே."

தூங்குகிற பிள்ளையை அது கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, "இனி மனிதர்களோடு எனக்கு ஒரு பேச்சும் கிடையாது," என்று சொல்லிவிட்டு, மொட்டை முதுகோடு இறங்கி நடந்தது. பாதி வழியில் முதுகு குறுகுறுவென்று அரித்தது. புது ரோமம். திரும்பிப் போய் அதைச் சொல்ல அதற்கு மனமில்லை. அப்படியே நடந்து போய்விட்டது.

அன்று முதல்தான் செம்மறி "மே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முடிச்சுக் கம்பளத்திலும், செம்மறி போன பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகிறது, எதிர்ப்பக்கமாகத் தடவினால் கையைத் தடுக்கிறது.