தாம்பூலம் மாற்றிய மலைநாடு

ஊறின மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே சொல்கிறேன். கை நின்றால் எனக்குப் பேச்சும் நின்றுவிடும்.

பெரிய ராஜா ஒருத்தர் ஆண்ட காலம். அவர் யானை இங்கே நடந்தால் அடுத்த நாட்டில் பானை ஆடும். பக்கத்திலே அப்போதுதான் தலையெடுத்த மூன்று குட்டி நாடுகள்: உப்பு விளைகிற கரைநாடு, தேன் எடுக்கிற காட்டுநாடு, தினை விளைகிற மலைநாடு.

ராஜாவுக்கு வடக்கே சண்டை. ஆள் வேண்டும், வழி வேண்டும். அதைச் சொல்லாமல், "ஏரி வெட்டித் தருகிறேன், சாலை போட்டுத் தருகிறேன், சிநேகமாக இருப்போம்" என்று வெள்ளித்தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தூதரை அனுப்பினார். அந்தக் காலத்தில் ராஜா வெற்றிலையைக் கையில் வாங்கினவன், அவர் சண்டையைத் தலையில் வாங்கினவன்.

கரைநாட்டார் வாங்கினார்கள். ஏரி வந்தது. பின்னாலேயே ஆள் பிடிக்கவும் வந்தார்கள்.

காட்டுநாட்டார் மறுத்தார்கள். ராஜா ஆட்கள் வழியெல்லாம் அடைத்தார்கள். தேன் விலைபோகாமல் பானையிலேயே கிடந்தது.

மூன்றாவது மலைநாடு. அதன் தலைவி பூவாத்தாள். வாசலில் தூதர் விழுப்பரையர், அவர் பின்னால் வேல்காரர்கள். ஊர்ப் பிள்ளைகள் தலைவி முகத்தையே பார்த்து நின்றார்கள். வாங்கினால் அவர்கள் சண்டைக்கு. மறுத்தால் ஊரே பட்டினி.

"எடுத்துக்கொள் அம்மா, கை வலிக்கிறது" என்றார் தூதர்.

பூவாத்தாள் உள்ளே போனாள். வெளியே வேல்கள் அசைந்தன. மூங்கில் தட்டில் தன் கொடிக்கால் வெற்றிலையோடு திரும்பி வந்தாள்.

"எங்க ஊரில் தாம்பூலம் வாங்குவதில்லைங்க ஐயா. மாற்றிக்கொள்வதுதான்."

தூதர் சிரித்தார். "மாற்றுவது சம்பந்திகள் அல்லவா? எறும்பு யானையிடம் சம்பந்தம் பேசுகிறதா?"

"வடக்கே போக யானைக்கு எங்க எறும்பூர்க் கணவாய்தானே வழி? எங்களோடு மோதி முடிப்பதற்குள் மழை இறங்கி அதுவும் அடைபட்டுவிடும். வானத்தைப் பாருங்க."

வானம் கறுத்திருந்தது. வேல்காரர்கள் தூதரைப் பார்த்தார்கள். தூதர் வானத்தைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மாற்றினால்?"

"உங்க வண்டி எங்க வழியில் போகலாம். எங்க தினை உங்க சந்தைக்கு வரலாம். உங்க சண்டை உங்களோடு, எங்க பிள்ளைகள் எங்களோடு."

முதல் துளி விழுந்தது. வெள்ளித்தட்டு இந்தப் பக்கம் வந்தது, மூங்கில் தட்டு அந்தப் பக்கம் போனது. ஒரு பிள்ளையும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

பெரியவர் சிநேகத்தைக் குனிந்து வாங்கவும் வேண்டாம், முறைத்துத் தள்ளவும் வேண்டாம், நம்மிடம் இருப்பதை எதிரே வைத்துச் சமமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ராஜாக்களுக்கு மட்டும் இல்லைங்க இது. போன ஆடியில் எங்க பெரிய நாத்தனார் ஒரு பட்டுச்சேலையைக் கொண்டுவந்து நீட்டினாங்க, அதுக்கு நான்... இதோ வந்துட்டேன் அத்தே, பாப்பாவை