சென்னியப்பன் எடுத்த பொட்டலம்

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் சென்னியப்பனை அறியாதவர் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. நல்லவேளை, ஆபரேஷனில் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அது திரும்பி வராமலிருக்க ஆறு மாதம் கீமோ வேண்டும் என்றார் டாக்டர்.

அதில் இரண்டு வழி இருந்தது. கடுமையான மருந்து நோயைப் பலமாகத் தடுக்கும்; ஆனால் விரல் மரத்துப்போகலாம். மற்றதில் விரலுக்குப் பயமில்லை, தடுப்பதும் கொஞ்சம் குறைவு. மரத்துப்போனால் அந்த மருந்தை நிறுத்திக்கொள்ளலாம், உடம்பு இரண்டையும் தாங்கும், முடிவு உங்களுடையது என்று சொல்லி அனுப்பினார்.

விரல் போனால் நான் எதற்கு என்று மூன்று நாள் முனகினார் சென்னியப்பன். ஆளே போய்விட்டால் விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தாள் மனைவி துளசிமணி. வாய்விட்டுச் சொல்லத்தான் பயம். கடைசியில் அவரே, அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். செவ்வரளி வந்தால் கடுமையான மருந்து, மல்லிமொட்டு வந்தால் மற்றது.

பொட்டலம் கட்டியவள் துளசிமணி. அம்மனையே ஏமாற்றத் துணிந்தாள், மகராசி! இரண்டு காகிதத்திலும் செவ்வரளியையே வைத்து மடித்தாள்.

சன்னதியில் அவர் கண்ணை மூடி, கைக்கொன்றாக இரண்டையும் எடுத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு ஒன்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு மற்றதைப் பிரித்தார்.

"செவ்வரளி. திங்கக்கெழமையே ஆரம்பிச்சுரலாம், புள்ள."

ஒன்பதாவது தடவை மருந்தேறியபோது விரல்நுனி மரத்தது. அந்தக் கூட்டு மருந்தில் விரலை மரக்கவைக்கும் ஒன்றை மட்டும் டாக்டர் நிறுத்தினார். உணர்ச்சி மெல்லத் திரும்பியது. எல்லாம் முடிந்து எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. அப்பாடா! அன்றைக்குத்தான் துளசிமணி அழுதுகொண்டே உண்மையை ஒப்புக்கொண்டாள்.

"உங்க முடிவ நான் திருடிப்போட்டனுங்க."

இப்போது நீங்கள் சொல்லுங்கள், யோசித்துச் சொல்லுங்கள். அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தது யார்? அம்மனா, துளசிமணியா, சென்னியப்பனா?

விடை: சென்னியப்பன்தான். நூலின் நம்பரையே தடவிச் சொல்கிறவருக்கு, காகிதத்துக்குள் மல்லிமொட்டு இல்லை என்பது தெரியாமலா போகும்? இரண்டும் அரளி என்று தெரிந்த பிறகும் அவர் வேறு பூக் கேட்கவில்லை, மற்ற பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிச் சண்டை போடவுமில்லை. அப்போதே தெரியும் என்று அவர் சொன்னதும், தெரிந்துகொண்டே ஏன் சும்மா இருந்தீர்கள் என்று துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தபோது அவரே சொன்னார்: "அம்மனையே ஏமாத்தற அளவுக்கு நான் உசுரோட இருக்கோணும்னு நீ நெனைக்கறப்ப, வெரலாவது ஒண்ணாவது!"