கோப்பையை ஆட்டாத சபை

எண்ணெயில் மிதந்த ஒரு குட்டி நாட்டில், சுல்தானின் சபைக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான் நம்ம முதுகுளத்தூர் இருளப்பன். பிளஸ் டூ பொருளாதாரத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். அதனால்தான் இந்த வேலை என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குடித்தது போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றுகிறவன் நிறுத்தக் கூடாது.

அன்று ஆலோசகர்கள் எல்லோரும், "இன்னும் நூறு வருஷத்துக்கு நம்ம எண்ணெய்க்குக் குறைவே இல்லை" என்று அடித்துச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுச் சுல்தானுக்கே அலுத்துவிட்டது. இருளப்பன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா, இந்த நாட்டோட எதிர்காலம் என்ன? பொய் சொன்னா நாளைக்கு உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன். என் மனசு கோணச் சொன்னா இன்னைக்கே அனுப்பிடுவேன்."

இருளப்பன் சுல்தானின் கோப்பையில் கூஜாவைக் கவிழ்த்தான். ஒரே ஒரு சொட்டு விழுந்தது.

"என்னடா, தீர்ந்துபோச்சா?"

"யாருமே கோப்பையை ஆட்டலீங்க எஜமான். பித்தளைக் கூஜா பாருங்க, உள்ளே எவ்வளவு மிச்சம்னு வெளியே தெரியலை."

"அதுக்கென்ன, போய் வேற காய்ச்சிக் கொண்டுவா!"

"காப்பிங்கிறதால காய்ச்சிடலாம் எஜமான்."

சுல்தான் மெதுவாகத் தன் கோப்பையை ஆட்டினார். ஆலோசகர்களும் அவசர அவசரமாக ஆட்டினார்கள்.

மறுநாளே இருளப்பன் ஆலோசகர் ஆனான். மெத்தை வைத்த நாற்காலி, புது ஆள் ஊற்றிய சூடான காப்பி. ஏழாவது கோப்பையும் காலியானது. ஆட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.