பேச்சித்தாய் கேட்டது

தத்துவத் துறைப் பேராசிரியர் சிவசைலத்துக்கு ஓர் ஆசிரியை வாய்த்தது, அவர் ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருக்கும்போது. அந்த ஆசிரியை அவரைவிட வெகுவாக இளையவர்.

பெயர் எஸ்தர் நவமணி. மொழியியல் படித்தவர். பாடம் நடத்துவதில் ஆசிரியர்களுக்குத் துணை செய்வதற்கென்று பல்கலைக்கழகம் ஒரு மையம் தொடங்கியபோது அதை அவரிடம் ஒப்படைத்தார்கள். நூலகத்தின் மேல்மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். இலக்கியம், வரலாறு, தத்துவம் நடத்துகிறவர்கள் யார் வேண்டுமானாலும் போகலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் போனார்கள். மூத்தவர்கள் அந்தப் படியில் ஏறியதில்லை.

சிவசைலமும் தானாக ஏறவில்லை. அனுப்பப்பட்டார்.

முதுகலை மாணவர்கள் துறைத்தலைவர் முகைதீனைப் பார்த்து, அறவியல் பாடத்தை வேறு யாராவது நடத்தினால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். முகைதீன் சிவசைலத்தின் பழைய நண்பர். வாய் திறக்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"இந்த செமஸ்டர் முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்குள்ள அந்த மேடத்தை ஒரு தடவை பாருங்க."

"என் பாடத்துல என்ன குறை சொல்றாங்க?"

"குறையே சொல்லல. சார் நல்லா நடத்துறார், ஆனா நாங்க அங்க இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்னு சொல்றாங்க."

சிவசைலம் எழுந்து வந்துவிட்டார். அறவியல் அவருடைய பாடம். அதை எடுத்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவருக்கு மிஞ்சுவது சம்பளமும் ஒரு நாற்காலியும்தான்.

மறுநாள் மாடியேறிப் போனார். என்ன பேச வேண்டும் என்று வழியில் தயார் செய்துவைத்திருந்தார். உட்கார்ந்ததும் வேறொன்று வாயில் வந்தது.

"என் வகுப்புல யாரும் கேள்வி கேக்கறதில்ல. முன்னாடியெல்லாம் கேப்பாங்க. மணி அடிச்ச பிறகும் விடமாட்டாங்க. இப்ப ஏன் கேக்கறதில்ல?"

எஸ்தர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"நாளைக்கு உங்க வகுப்புக்கு வரலாமா சார்?" என்றார்.

"என்னைப் பார்த்து மார்க் போடவா?"

"பாடம் கேக்கத்தான்."

அன்றைய பாடம், ஒருவருடைய நன்மைக்காக அவரிடம் உண்மையை மறைக்கலாமா என்பது. எஸ்தர் மூன்றாம் வரிசையில் ஓரமாக ஒரு மாணவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவசைலம் மேடையில் நின்று பேசினார். எதையும் பார்த்துப் படிக்கவில்லை. ஒரு பக்கத்து நியாயத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, மறுபக்கம் போய் அதை நிதானமாகக் கலைத்தார். எஸ்தர் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்.

"சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு சிவசைலம் கரும்பலகையை அழிக்கத் திரும்பினார்.

எஸ்தர் ஒரு கேள்வி கேட்டார். சோதித்துப் பார்க்க அல்ல. அவருக்கு அதற்கு விடை வேண்டியிருந்தது.

சிவசைலம் பலகையை முழுதாக அழித்தார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"ஒண்ணும் இல்லையா? சரி."

வெளியே போய்விட்டார்.

எஸ்தர் வகுப்பைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாரும் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சார் அப்படித்தான் மேடம். முதல் மாசம் நானும் ஒண்ணு கேட்டேன். நல்லதுன்னு சொல்லிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போயிட்டாரு."

அவள் பெயர் பேச்சித்தாய்.

சாயங்காலம் சிவசைலம் மாடிக்கு வந்தார். நன்றாக நடத்திவிட்டோம் என்ற நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

"எப்படி இருந்தது?"

"நான் ஒரு கேள்வி கேட்டேன் சார்."

"எப்போ?"

"நீங்க போர்டை அழிக்கும்போது."

சிவசைலம் அவரையே பார்த்தார்.

"உங்களுக்குக் குரல் மெலிசு" என்றார்.

"ஆமா சார். உங்க வகுப்புல பேச்சித்தாய்னு ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு என்னைவிட மெலிசு. முதல் மாசம் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கா. நல்லதுன்னு சொன்னீங்களாம். அன்னைக்கு அவ கேட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

சிவசைலம் எழுந்தார்.

"எனக்குக் காது கேக்கலைங்கறீங்க."

சிவசைலம் படியிறங்கிப் போனார். அந்த வாரம் முழுவதும் நூலகத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகத் துறைக்குப் போய்வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவர் மனைவி சண்முகவடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சிவசைலம் பின்னால் வந்து நின்றார்.

"நீ எப்பவுமே இப்படித்தான் சத்தமாப் பேசுவியா?"

சண்முகவடிவு திரும்பாமல் ஏதோ சொன்னார்.

"என்ன?"

சண்முகவடிவு கீரையை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

"நாலஞ்சு வருஷமாப் பேசறேன். தொண்டை போகுது."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்" என்றார் சண்முகவடிவு. "கேக்கல."

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார். சிவசைலம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த நாலைந்து வருஷத்தில் எத்தனை முகங்களைப் பார்த்துத் தலையாட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். கேள்வி காதில் விழாதபோது, திரும்பச் சொல் என்று கேட்க அவருக்குக் கூச்சம். கிழவனுக்குக் காது செவிடு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதற்காகச் சிரித்துவைத்தார், நல்லது என்று சொல்லிவைத்தார். போகப் போக அதுவே பழகிவிட்டது. தனக்கே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது.

திங்கட்கிழமை மாடியேறினார்.

"அறவியலை நானே விட்டுடறேன்" என்றார். "காது கேக்காதவன் தத்துவம் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகுது?"

எஸ்தர் எழுந்தார். "வாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

தத்துவத் துறை வகுப்பறை அந்நேரம் காலியாக இருந்தது. சிவசைலத்தை மேடையில் நிற்கச் சொல்லிவிட்டு எஸ்தர் மூன்றாம் வரிசையில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். தன் இயல்பான குரலில் ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றார் சிவசைலம்.

எஸ்தர் அதையே, அதே குரலில், மறுபடியும் சொன்னார்.

சிவசைலம் மேடையிலிருந்து இறங்கினார். "இன்னொரு தடவை."

எஸ்தர் சொன்னார். அம்மா என்ற சொல் மட்டும் சிவசைலத்தின் காதில் விழுந்தது. முதல் வரிசையைத் தாண்டினார்.

"இன்னொரு தடவை."

எஸ்தர் குரலை உயர்த்தவில்லை. சிவசைலம் இரண்டாம் வரிசை பெஞ்சில் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். முகம் தெரிந்தது. உதடு தெரிந்தது. இப்போது கேட்டது.

"என் அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. தனக்கு என்ன நோய்னு தினமும் கேக்கறாங்க. அல்சர்னு சொல்லிட்டிருக்கோம். அது அல்சர் இல்ல. சொல்லாதேங்கறாங்க டாக்டர். நான் சொல்லலாமா சார்?"

அன்று வகுப்பில் எஸ்தர் கேட்ட கேள்வி அதுதான்.

சிவசைலத்திடம் மேற்கோள்கள் இருந்தன. மேடையில் நின்று கட்டிக் கலைத்த நியாயங்கள் எல்லாம் இருந்தன. இந்த முகத்துக்கு நேரே அவற்றில் எதையும் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"தினமுமா கேக்கறாங்க?"

"தினமும்."

"அப்ப நீங்க சொல்றதை அவங்க நம்பல."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எது சரின்னு எனக்குத் தெரியலம்மா" என்றார் சிவசைலம். "ஆனா இப்ப அவங்க தனியாத்தான் பயந்துக்கிட்டிருக்காங்க. அது மட்டும் தெரியுது."

வெளியே ஏதோ வகுப்பு விட்டது. வராந்தாவில் காலடிகள் போய் ஓய்ந்தன. எஸ்தர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவசைலம் கேட்டார். "இனி நான் எப்படி வகுப்பு நடத்தறது?"

"இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க சார்?"

சிவசைலம் தான் இருந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

"காது மிஷின்?"

"அதையும் வாங்குங்க."

அடுத்த வகுப்பில் சிவசைலம் மேடை ஏறவில்லை. மேடையில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மாணவர்களுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தார். பெஞ்சுகளை இழுத்துச் சுற்றிப் போடச் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போட்டார்கள்.

"எனக்குக் காது சரியாக் கேக்காது. நாலஞ்சு வருஷமா இப்படித்தான். உங்ககிட்ட மறைச்சேன். எங்கிட்டயே மறைச்சுக்கிட்டேன்."

இசக்கிமுத்து என்ற மாணவன் கேட்டான்.

"நீங்க நல்லதுன்னு சொன்னதெல்லாம், காதுல விழாமத்தானா சார்?"

"எல்லாம் இல்ல."

"எது எது சார்?"

"அது எனக்கே தெரியாதுப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று பாடம் எதுவும் நடக்கவில்லை. மணி அடித்ததும் கலைந்துபோனார்கள்.

மெல்லத்தான் மாறியது. முதலில் இசக்கிமுத்துதான் கேட்டான். பிறகு வேறு ஒருவன். சிவசைலம் காதில் புது மிஷினோடு வந்தார். அது மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்கவைத்தது. சில நாள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப் போய்ப் பிள்ளைகள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்த நாட்களில் சிவசைலம் நல்லது என்று சொல்லவில்லை. "கேக்கலப்பா, கிட்ட வந்து சொல்லு" என்றார். ஒருநாள் மணி அடித்த பிறகும் விவாதம் நீண்டது. அடுத்த வகுப்புக்கு வந்த ஆசிரியர் வாசலில் காத்து நின்றார்.

செமஸ்டர் முடிந்தபோது மாணவர்கள் தங்கள் கோரிக்கையை மறுபடி எழுப்பவில்லை. முகைதீனும் அதைப் பற்றிப் பேசவில்லை. அறவியல் சிவசைலத்திடமே இருந்தது.

இதற்கிடையில் எஸ்தரின் அம்மா காலமானார். அதற்கு முன்பு மகளும் தாயும் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று எஸ்தர் யாரிடமும் சொல்லவில்லை. சிவசைலம் அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரை நின்றுவிட்டு வந்தார்.

பேச்சித்தாய் எல்லா வகுப்புக்கும் வந்தாள். வட்டத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கேட்பதைக் குறித்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சிவசைலம் அவளை நிறுத்தினார்.

"முதல் மாசம் எங்கிட்ட ஒண்ணு கேட்டியாமே. அன்னைக்கு எனக்குக் காதுல விழலம்மா. இப்ப சொல்றியா?"

பேச்சித்தாய் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மரியாதையாகச் சிரித்தாள்.

"ஞாபகம் இல்ல சார்."

"யோசிச்சுப் பாரேன்."

"இல்ல சார். மறந்துட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்."

போய்விட்டாள்.

சிவசைலம் நேரே நூலகத்துக்குப் போனார். படியேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. எஸ்தரின் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

"மத்ததெல்லாம் சரியாயிடுச்சு. இது ஒண்ணு சரியாகாது. அவ மறந்துட்டா. அந்தக் கேள்வி போனது போனதுதான். இனி நான் எவ்வளவு கிட்டப் போய் உட்கார்ந்தாலும் அது என் காதுல விழப்போறதில்ல."

எஸ்தர் தன் இயல்பான குரலில், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மறந்திருக்க மாட்டா, சார்."

அது சிவசைலத்தின் காதில் தெளிவாக விழுந்தது.