கிடைக்கு முதுகு காட்டிப் படுக்கும் நாய்

அந்தக் காலத்தில் ஆடு, நாய், ஓநாய், மனுசர் எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே புரியும். புரிந்து என்ன பிரயோசனம்? யாரும் யாரையும் நம்பவில்லை. இந்தக் கதையையும் நீங்கள் நம்பியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதில் வருகிற சாம்பல் நாயை எங்காவது பார்த்தால் அப்போது முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

சேவுகன் என்று ஒரு கீதாரி இருந்தான். ஆட்டு மந்தையை ஊர் ஊராக ஓட்டிப்போய், அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக ராத்திரி அதை மடக்கிக் கிடை போடுவதுதான் கீதாரியின் பிழைப்பு. அவன் பெண்சாதி இருளாயி. மேய்ச்சலுக்கு அவன் போவான், பால்குட்டிகளை அவள் பார்த்துக்கொள்வாள். பகலெல்லாம் குட்டிகளைக் கூடாப்புக்குள் அடைத்து வைப்பாள். கூடாப்பு என்றால் குடிசை மாதிரிப் பின்னிய பெரிய கூடை. பொழுது சாய்ந்து மந்தை திரும்பியதும் அதைத் தூக்குவாள். குட்டிகள் துள்ளிக்கொண்டு ஓடி அதனதன் தாய் மடியை முட்டும்.

மந்தைக்குக் காவல் மூன்று நாய்கள். அவற்றில் செவலை என்கிற பெட்டை நாய் ஒரு மாசி மாதம் காணாமல் போனது. ஒன்பது நாள் கழித்து ஒன்றும் நடக்காதது போல் வந்து படுத்தது.

"எங்க போனே?" என்று கேட்டது மூத்த நாய் கட்டையன்.

"முயல் பிடிக்கப் போனேன்."

"ஒம்பது நாளாவா?"

செவலை கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு குட்டி போட்டது. சாம்பல் நிறம், நீண்ட கால், சுருளாத வால். மூன்றாம் நாள் செவலையைப் பாம்பு கடித்துவிட்டது. குட்டிக்கு அப்பன் யார் என்று சொல்லாமலே செத்துப்போனது.

அதே நாளில் மொட்டைச்செவி என்கிற ஆட்டின் குட்டியும் செத்தது. இப்படி நடந்தால் கீதாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறு குட்டிக்குப் போர்த்திவிடுவார்கள். தாய் ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தன் குட்டிதான் என்று பால் கொடுக்கும். ஆட்டுக்குட்டிக்குச் செய்கிற அந்த வேலையை இருளாயி நாய்க்குட்டிக்குச் செய்தாள். கண் திறக்காத குட்டி பசியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

சேவுகன் அதைப் பார்த்துவிட்டான். "ஏண்டி, உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? ஓநாய்க்கு ஆட்டுப் பால் குடுத்து வளக்குறியே!"

"செவலை வயித்துல பெறந்துச்சு. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றான் சேவுகன்.

மொட்டைச்செவி முன்னால் மோந்தது, பின்னால் மோந்தது. 'வாடை என் குட்டி வாடைதான். ஆனா என் குட்டி இவ்வளவு வேகமா உறிஞ்சாதே' என்று அதற்கு ஒரு யோசனை. இருந்தாலும் மடி கனத்துப் போயிருந்ததால் காலை அகட்டி நின்றது.

ஒரு மாதத்தில் அந்தத் தோல் காய்ந்து கழன்று விழுந்தது. மொட்டைச்செவி குனிந்து பார்த்தது. "நெனச்சேன்" என்றது. முட்டித் தள்ளவில்லை, உதைக்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மேயும்போதும் அசை போடும்போதும் ஒரு கண்ணைக் குட்டியின் மேலேயே வைத்துக்கொண்டது.

குட்டி வளர்ந்தது. ஒரு சாயங்காலம் முதன்முதலாகக் குரைத்துப் பார்த்தது. பாதிக் குரைப்பில் தொண்டை இழுத்து ஊளையாகிவிட்டது. கட்டையன் விறைத்துக்கொண்டு வந்தது.

"யாரைக் கூப்பிடுறே?"

"யாரையும் இல்ல. சும்மா குரைச்சுப் பாத்தேன்."

"நாய் இப்பிடியா குரைக்கும்? காட்டுல இருக்கிறவனுக்குச் சேதி சொல்றே."

அதற்குப் பிறகு அது வாயைத் திறக்கவே இல்லை. அதுவும் தப்பாகப் போனது. "எவ்வளவு கமுக்கமா இருக்கான் பாத்தியா" என்று ஆடுகள் குசுகுசுத்தன. எல்லாரும் சேர்ந்து அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பேர் வைத்தார்கள். இருளாயி மட்டும் சாம்பலா என்று கூப்பிடுவாள், அதுவும் சேவுகன் பக்கத்தில் இல்லாதபோது.

தை பிறந்தது. மொட்டைச்செவி மறுபடியும் ஒரு குட்டி ஈன்றது. சேவுகன் உடைமரங்கள் அடர்ந்த உடங்காட்டை ஒட்டிய வயலில் கிடை போட்டிருந்தான். ஒருநாள் பொழுது சாய, கூடாப்பைத் தூக்கிக் குட்டிகளைத் தாய்களிடம் விட்டுப் பார்த்தால் ஒரு குட்டி குறைந்தது.

சேவுகன் நேரே சாம்பலனிடம் போய் வாயைப் பிளந்து மோந்து பார்த்தான். "ஆட்டு வாடை அடிக்குது."

"ஆட்டுப் பால் குடிச்சு வளந்த வாய்ல வேற என்ன வாடை அடிக்கும்?" என்றாள் இருளாயி.

"அப்பிடியும் இருக்கலாம், இப்பிடியும் இருக்கலாம்" என்று சேவுகன் கையைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து கூடாப்பைத் தூக்குகிற நேரத்தில் சாம்பலனைக் கிடைக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். சேவுகன் கம்போடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டையனும் இன்னொரு நாயும் பார்த்தன. முந்நூறு ஆடுகளும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. அப்படியும் இரண்டாவது குட்டி போனது. நாலாம் நாள் மூன்றாவதும் போனது.

"இப்பவாவது தெரியுதா? நம்ம அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்கையிலதானே போச்சு. அவன் எந்திரிக்கவே இல்லையே" என்றாள் இருளாயி.

"அதைத்தான் நானும் சொல்றேன். இவன் இங்க உக்காந்து நம்ம கண்ணைக் கட்டுறான். அப்பன்காரன் அங்கிட்டு வந்து தூக்குறான். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் செய்யிறாங்க. இன்னும் ஒரு குட்டி போச்சுன்னா இவனை அடிச்சுக் குழியில போட்டுருவேன்."

இதைச் சாம்பலன் கேட்டுக்கொண்டிருந்தது. அது மெல்ல மொட்டைச்செவியிடம் போனது. "ஆத்தா, நான் எடுக்கலை."

"எடுத்தேன்னு நான் சொல்லலையே" என்றது மொட்டைச்செவி. கொஞ்சம் அசை போட்டுவிட்டு, "எடுக்கலைன்னும் சொல்ல மாட்டேன். என் குட்டி கூடாப்புல இருக்கு. அது நல்லா இருந்தாப் போதும்" என்றது.

பெற்றவள் மாதிரிப் பால் கொடுத்தவளே இப்படிச் சொன்னதும் சாம்பலனுக்கு மனசு விட்டுப்போனது. விடிந்ததும் உடங்காட்டுக்குள் போனது. அங்கே ஒரு பாறை நிழலில் சாம்பல் நிறத்தில், நீண்ட காலும் சுருளாத வாலுமாக ஓர் ஓநாய் படுத்திருந்தது. யார் என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"அங்க என்னைக் கொல்லப் போறாங்க. உன்கூட இருந்துக்கிறேன்" என்றது சாம்பலன்.

ஓநாய் அதைச் சுற்றி வந்து மோந்தது. "உன் மேல ஆட்டு வாடையும் அடிக்குது, கீதாரி வாடையும் அடிக்குது. உளவு பாக்க வந்தியா?"

"இல்ல. நான் உன் மகன்."

"மகனாவே இருந்துட்டுப் போ. எனக்கு நீ அங்க இருந்தாத்தான் வசதி. எல்லாரும் உன்னையே பாக்குறாங்க. காட்டுப் பக்கம் ஒரு கண்ணுகூட இல்ல. நான் நடந்து வந்து எடுத்துட்டுப் போறேன்."

சாம்பலன் திரும்பி நடந்தது. போய்ச் சொல்லலாம் என்றால், ஓநாயைப் பார்த்துப் பேசியதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் குழிக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. குரைத்துக் காட்டலாம் என்றால் ஊளைதான் வரும். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தது.

அன்று பொழுது சாய்ந்தது. மந்தை திரும்பியது. இருளாயி கூடாப்பில் கை வைத்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த சாம்பலன் எழுந்தது. ஆடுகளுக்கு நடுவே நடந்து, கிடையைத் தாண்டி, உடங்காட்டை நோக்கி ஐம்பது அடி போய், எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தது.

"பாத்தியா? அப்பன்கிட்டப் போறான்" என்று சேவுகன் கம்பை ஓங்கிக்கொண்டு நடந்தான். கட்டையன் பல்லைக் காட்டியது. முந்நூறு கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பின. அத்தனை கண்ணும் சாம்பலன் முதுகில் இருந்தன. அந்த முதுகுக்கு அப்பால்தான் உடைமரப் புதர் அசைந்தது. புதருக்குள்ளிருந்து ஒரு சாம்பல் தலை வெளியே வந்தது.

முதலில் கத்தியது மொட்டைச்செவி. இருளாயி பாதி தூக்கிய கூடாப்பைப் படக்கென்று கவிழ்த்து அதன் மேல் சாய்ந்துகொண்டாள். நாய்கள் பாய்ந்தன. தன்னை இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று ஓநாய் எதிர்பார்க்கவே இல்லை. "காட்டிக் குடுத்துட்டியே" என்று மகன் மேல் விழுந்து, வலது காதைக் கவ்விக் கிழித்துவிட்டு ஓடியது. குட்டிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

சேவுகன் கம்பைக் கீழே போட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி, உள்ள வா" என்றான்.

கண் திறந்த நாளிலிருந்து சாம்பலன் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. காதில் ரத்தம் சொட்ட எழுந்து, இரண்டு அடி வைத்தது. ஆடுகளின் கண்களும் அதோடு இரண்டு அடி நகர்ந்தன. இன்னும் இரண்டு அடி வைத்தது. கண்களும் கூடவே வந்தன. காட்டுப் பக்கம் மறுபடியும் யாரும் பார்க்கவில்லை. சாம்பலன் நின்றுவிட்டது.

"நான் உள்ள வந்தா உங்க கண்ணும் என்கூடவே உள்ள வந்துருது, கீதாரி. நான் இங்கனயே படுத்துக்கிறேன். நீங்க சந்தேகத்தை மட்டும் விட்ராதீங்க."

"அதுல ஒண்ணும் குறை வைக்க மாட்டேன்" என்றான் சேவுகன். அவன் மெய்யாகவே சொன்னானா, விளையாட்டாகச் சொன்னானா என்று இருளாயிக்குத் தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே மொட்டைச்செவியிடம் தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள். கறக்கப் போனால் எப்போதும் உதைக்கிற ஆடு அன்றைக்கு அசையாமல் நின்றது. அந்தப் பாலைச் சாம்பலன் முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று முதல்தான், நாய்க்கும் ஓநாய்க்கும் எப்போதாவது ஆயிரத்தில் ஒன்றாகப் பிறக்கும் அந்தச் சாம்பல் நாய் குரைப்பதில்லை, கிடைக்குள் கால் வைப்பதில்லை, காட்டைப் பார்த்தபடி வெளியேதான் படுக்கிறது. ஆடுகள் இன்றைக்கும் அதன் முதுகை விட்டுக் கண் எடுப்பதில்லை. அதன் இடது காது காட்டுப் பக்கம் விறைத்து நிற்கும். வலது காது மட்டும் பின்னால் மடங்கிக் கிடைப் பக்கமே சாய்ந்திருக்கும், இன்னொரு தடவை யாராவது உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று.