இடைவேளையில் பறந்த மைனா

குளக்கரை மருதமரத்தடியில் அன்று கால் வைக்க இடமில்லை. ‘மின்னல் முயல்’ நாடகத்தின் இரண்டாம் பாகத்துக்கு அன்றுதான் முதல் ஆட்டம். போன கோடையில், ஒரே தாவலில் குளத்தைத் தாண்டி நரி அரக்கனைப் பந்தாடிய வீரனைக் கண்டு காடே வாய் பிளந்திருந்தது. இந்த முறையும் பொட்டு முயல்தான் வீரன்; பலம் தரும் சிவந்த வாழைப்பூ மடலை முதுகில் கட்டிக்கொண்டு மேடையேறியது.

மேடைக்கு நேர் முன்கிளை சிங்காரம் என்ற மைனாவுக்கு. நாடகம் எப்படி என்று காட்டுக்குச் சொல்வது அதன் வேலை. அது நன்று என்றால் கூட்டம் அள்ளும். இல்லை என்றால் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது.

இடைவேளை வந்தது. வீரன் வெள்ளத்தில் மடலைப் பறிகொடுத்து, பலமெல்லாம் இழந்து, வளைக்குள் அழுதுகொண்டிருந்தான். பக்கத்து மரத்துக் கிளி தனக்கு முன்னால் சேதி சொல்லிவிடுமோ என்று மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்படியே பறந்துபோய், “முதல் பாகத்தின் கால் தூசிக்கு வராது. வீரனாம், உட்கார்ந்து அழுகிறான்” என்று மரம் மரமாகச் சொல்லி வந்தது.

மறுநாளிலிருந்து மருதமரத்தடி வெறிச்சோடியது. முழுதும் பார்த்தவர்கள்கூட, மைனாவே சொல்லிவிட்டதே என்று, தங்களுக்குப் பிடித்திருந்ததை வெளியே சொல்லக் கூசினார்கள். இன்னும் ஓர் ஆட்டம் காலியாகப் போனால் வேஷத்தைக் கலைத்துவிட்டு வேறு காட்டுக்குப் போய்விடுவதாகப் பொட்டு சொல்லிவிட்டது.

நாடகம் பார்ப்பதற்கென்றே மலையடிவாரத்திலிருந்து ஓர் ஆமை நடந்து வந்திருந்தது. தண்ணீர்த் துறையில் எல்லோர் முன்னும் அது மைனாவிடம் கேட்டது.

“நல்லா இல்லைன்னு சொன்னீங்களாமே. நான் திரும்பிப் போயிடறேன். முடிவு மட்டும் என்னன்னு சொல்லுங்க.”

முடிவு மைனாவுக்குத் தெரியாதே. நாடகத்தை முழுதும் பார்த்தவர்கள் எல்லோரும் மைனாவையே பார்த்தார்கள். அது பறந்துபோய் இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அன்று மாலை ஆட்டத்துக்கு இரண்டே பேர்: ஆமையும் மைனாவும். இடைவேளைக்குப் பின் வீரன் மடல் இல்லாமலே வளையை விட்டு வெளியே வந்தான். பயத்தோடே அரக்கன் எதிரில் நின்றான். மைனாவின் கண்ணில் நீர் முட்டியது. இதையா கால் தூசிக்கு வராது என்றோம் என்று உடம்பு கூசியது.

ஆட்டம் முடிந்ததும் முயலிடம் போய், “அன்னைக்கு நான் பாதியிலேயே கிளம்பிட்டேன்” என்றது.

“தெரியும்,” என்றது பொட்டு. “மேடையில நின்னா முதல்ல தெரியறது உன் கிளைதான். அது காலியா இருக்கிறதைப் பார்த்துக்கிட்டேதான் மீதியை நடிச்சேன்.”

திட்டியிருந்தால்கூட மைனா தாங்கியிருக்கும். மறுநாள் அதே மரங்களுக்குப் போய், தான் பார்த்தது பாதிதான் என்று ஒவ்வொன்றிலும் சொன்னது. கிளி விழுந்து விழுந்து சிரித்தது. மாலையில் கொஞ்சம் கூட்டம் வந்தது. மைனா முன்கிளைக்குப் போகாமல், எல்லோருக்கும் பின்னால் தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தது.

பாதியைப் பார்த்துவிட்டு முழுமைக்கும் தீர்ப்புச் சொல்கிறவர், ஒருநாள் அந்தத் தீர்ப்புக்காகவே தலைகுனிய வேண்டிவரும்.