பல்லக்கில் ஏறப்போவது யார்?

ஒரு முறம் நிறைய மொச்சைக்காய் உரிக்கக் கிடக்கிறது. கை அதுபாட்டுக்கு உரிக்கும், வாய் சும்மாதானே இருக்கிறது? நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. என் மகள் தேனுவிடம் என்றால் வரும். கணக்கு நோட்டைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள், கதை என்றதும் மடியை ஒட்டி வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

ஏழாற்றூர் என்று ஒரு ஊர். அதற்குக் கடம்பராசா என்று ஒரு ராசா. நல்ல மனுஷர்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு ஒரே மகள் செவ்வந்தி. ஏழு வயசு. அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஒரு பண்டிதர். தொப்புள் வரைக்கும் தாடி.

"பதினெட்டும் ஏழும் எத்தனை?" என்பார் பண்டிதர். மூன்று மாசமாய் இதே கேள்விதான். செவ்வந்தி கைவிரலை எண்ணுவாள். கால்விரலை எண்ணுவாள். அதற்குமேல் விரல் கிடையாதே! உத்தரத்தைப் பார்ப்பாள்.

ஒருநாள் பாடத்தின் நடுவே அவள் பலகையில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பண்டிதர் பார்த்துவிட்டார். பலகையும் கையுமாக அவளைச் சபைக்கே இழுத்து வந்தார்.

"பாருங்க மகாராஜா! கணக்கு ஏறலை, விளையாட்டு மட்டும் ஏறுது. மலைமடத்துக்கு அனுப்புங்க. ஏழு வருஷம் அங்கே இருந்தா எல்லாம் சரியாகும்."

ராசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இனிமே என் அரண்மனையில் யார் விளையாடிப் பிடிபட்டாலும் மலைமடம்தான்! நாளைக் காலையில் பல்லக்கு வரட்டும்!"

ராணி அழுதாள், கெஞ்சினாள். ஏழு வருஷம் பிள்ளையைப் பிரிந்து இருக்கணுமே! சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார் ராசா.

சபையில் வேம்பன் என்று ஒருத்தன் இருந்தான். குறும்புக்காரன், கெட்டிக்காரன். ராணியிடம் போய், "அம்மா, ஒரு கிண்ணம் கோலமாவு கொடுங்க, போதும்" என்றான்.

மறுநாள் காலையில் பண்டிதர் சந்தோஷமாக வந்தார். சபை மண்டபத்துத் தரையில் வேம்பன் குந்தியிருந்தான். நடு வரிசையில் ஏழு புள்ளி. அதற்கு மேலே ஐந்து, மூன்று, ஒன்று. கீழேயும் அதே மாதிரி.

"என்னடா கூத்து இது?"

"எனக்கு வரலை சாமி. கையை எடுக்காம, ஒரே இழையா, எல்லாப் புள்ளியையும் வளைச்சுத் தொடங்கின இடத்துக்கே வரணுமாம். இதுக்கு மூளை வேணும்னு என் பெஞ்சாதி சொல்றா."

"பொம்பளைங்க வாசல்ல போடுறதுக்கு மூளையா? கொண்டா மாவை!"

பண்டிதர் போட்டார். நாலு புள்ளி வெளியே நின்றது. அழித்தார். மறுபடி போட்டார். பாதியிலேயே தொடங்கின இடத்துக்கு வந்து முட்டிக்கொண்டது. தாடியெல்லாம் மாவு.

ராசா உள்ளே வந்தார். "பண்டிதரே, என்ன செய்றீர்?"

"ஸ்ஸ்! பேசாதீர்! இன்னும் ரெண்டே புள்ளி!" பண்டிதர் தலையே தூக்கவில்லை.

ராசாவுக்கு வந்ததே கோபம். குனிந்து பார்த்தார். அப்படியே நின்றார். "இந்தப் பக்கம் வளைங்கய்யா..." என்றார். குனிந்ததில் கிரீடம் கழன்று உருண்டது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரும் மண்டிபோட்டார்.

"மகாராஜா, பல்லக்கு வந்தாச்சு" என்று ஆள் வந்து நின்றான்.

"அட, இருடா!"

துணி மூட்டையோடு செவ்வந்தி வந்தாள். அழுத கண்ணு இன்னும் காயவில்லை. தரையைப் பார்த்ததும் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அப்பா, ஆரம்பமே தப்பு!"

மூட்டையைக் கீழே போட்டாள். மாவை வாங்கினாள். சரசரவென்று இழுத்து, கையே எடுக்காமல் தொடங்கின இடத்துக்கு வந்து நின்றாள்.

வேம்பன் மெதுவாகக் கேட்டான். "தாயீ, மொத்தம் எத்தனை புள்ளி?"

"இருபத்தஞ்சு."

"எண்ணவே இல்லையே!"

"எதுக்கு எண்ணணும்? மேலே அஞ்சு, மூணு, ஒண்ணு, ஆக ஒன்பது. கீழேயும் ஒன்பது. ரெண்டும் சேர்ந்தா பதினெட்டு. நடுவில ஏழு. பதினெட்டும் ஏழும் இருபத்தஞ்சு."

பண்டிதர் வாய் திறந்தபடியே இருந்தது. மூன்று மாசக் கேள்விக்கு அல்லவா பதில் வந்திருக்கிறது!

ஆனாலும் அவர் விடவில்லை. "என்ன இருந்தாலும் இது விளையாட்டு! உத்தரவு உத்தரவுதான்!"

"சரியாச் சொன்னீங்க சாமி" என்றான் வேம்பன். ராசாவின் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டான். "மகாராஜா, விளையாடிப் பிடிபட்டவங்க என்னோட சேர்த்து நாலு பேர். வந்திருக்கிற பல்லக்கு ஒண்ணு. முதல்ல ஏறப்போறது நீங்களா, பண்டிதரா?"

ராசா தன் முழங்கால் மாவைப் பார்த்தார். பண்டிதரின் தாடியைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், வெளியே நின்ற யானை மிரண்டுபோச்சு! "உத்தரவே போச்சு போடா!" என்று மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வேம்பனுக்கு முத்துமாலை. இனிமேல் பாதிப் பாடம் கோலத்தில்தான் என்றும் சொல்லிவிட்டார்.

பண்டிதர் மட்டும் தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "அம்மா செவ்வந்தி, அந்த ஆரம்பம் எங்கேன்னு இன்னொரு தரம் காட்டுவியா?"

கதையை முடித்துவிட்டுக் குனிந்தால் முறத்தில் மொச்சையைக் காணோம். தேனு எல்லாத்தையும் தரையில் வரிசையாக அடுக்கியிருக்கிறாள்! நடுவில் ஒன்பது. "அம்மா, எண்ணாம சொல்லு பார்ப்போம்" என்கிறாள். மேலே ஏழு, அஞ்சு, மூணு, ஒண்ணு, அது பதினாறு, கீழேயும் பதினாறு என்று கூட்டிக்கொண்டே வந்தேன், அதற்குள் "ஏம்மா, மொச்சை ஆச்சா? குழம்பு கொதிக்குதே!" என்று உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டுவிட்டார்கள், இதோ வந்துட்டேன் அத்தை, முப்பத்திரண்டும் ஒன்பதும்...